கரிசல் வரலாறு – 19: பஞ்சு ஓட்டிய சக்கரம்

சென்ற வாரம் கோவில்பட்டியில் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய காலத்தோடு நிறுத்தியிருந்தோம். 1876-ல் தூத்துக்குடி ரயில் பாதை வந்தது. 1901-ல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கருங்கண்ணி உள்ளிட்ட நம் நாட்டுப் பருத்திகள் 'டின்னவேலி' என்ற வணிகப் பெயரோடு கடல் தாண்டிப் போயின. அந்தப் பஞ்சு நூலாகி, நூல் பணமாகி எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று தடம் பிடித்துப் போனால், ஒரு கிளை கார்ப் பந்தயத்தில் போய் முடிகிறது. மானாவாரி மண்ணின் வரலாற்றில் கார்ப் பந்தயத்துக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். நம் பருத்தியின் கதையும் அமெரிக்கத் தென்பகுதியின் பருத்திக் கதையும் இரண்டு முறை ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. இரண்டாவது முறை தொட்டது பந்தயத் தடத்தில்.

முதல் தொடுகை 1861-ல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்களை வட மாநிலக் கப்பல்கள் அடைத்துவிட, லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றுபோனது. லிவர்ப்பூல் வியாபாரிகளின் கண் இந்தியா பக்கம் திரும்பியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தியின் விலை அதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது. ரயில் அப்போது வரவில்லை. கரிசல் காட்டிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரைவரை பொதி முழுவதும் மாட்டு வண்டியில்தான் போயிற்று. 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது, கடன்பட்டவர்கள் கடனோடு நின்றார்கள். இதை ஏழாவது அத்தியாயத்தில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

போருக்குப் பின் அமெரிக்கத் தென்பகுதி தன் பஞ்சைத் தானே நூற்கத் தொடங்கியது. வட, தென் கரோலினா மாநிலங்களின் மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான ஆலைகள் எழுந்தன. ஆலை கட்டிக்கொடுத்த வீடு, ஆலைக் கடை, ஆலைச் சங்கு என்று ஊரே ஆலையாக இருந்த இடங்கள் அவை. அப்படி ஓர் ஊர் கன்னாபொலிஸ். ஜேம்ஸ் வில்லியம் கேனன் 1906-ல் நிலம் வாங்கித் தன் துண்டு, விரிப்பு ஆலைக்காக எழுப்பிய ஊர். அந்த ஊர் ஆலையில் வேலை பார்த்த ஒருவர் ரால்ஃப் எர்ன்ஹார்ட். ஆலைச் சம்பளத்தைவிட மண் தடத்தில் கார் ஓட்டிக் கிடைக்கும் பரிசுப் பணம் மேல் என்று 1950-களின் தொடக்கத்தில் வேலையை விட்டார். 1956-ல், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் 'ஸ்போர்ட்ஸ்மேன்' பிரிவில் தேசியச் சாம்பியன் ஆனார். 1973-ல், 45 வயதில், தன் வீட்டில் மாரடைப்பில் இறந்தார்.

அவர் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். 1979-ல் நாஸ்காரின் சிறந்த புதுமுக ஓட்டுநர், அடுத்த ஆண்டே சாம்பியன். 1980, 1986, 1987, 1990, 1991, 1993, 1994 என ஏழு பட்டங்கள், 76 வெற்றிகள். அவருடைய கறுப்பு நிற 3-ஆம் எண் கார் பின்னால் வருகிறது என்று கண்ணாடியில் பார்த்தாலே முன்னால் போகிறவருக்குக் கை நடுங்கும் என்பார்கள். இடித்து வழி வாங்குவதை அவர் ஒரு கலையாகவே வைத்திருந்தார். டேட்டோனா 500 என்னும் பெரும் பந்தயம் மட்டும் அவருக்கு வசப்படாமலே இருந்தது. 20-ஆவது முயற்சியில், 1998-ல், அதை வென்றபோது மற்ற அணிகளின் தொழிலாளர்கள் எல்லாரும் வரிசையாக நின்று அவர் கையைத் தொட்டார்கள். அதே தடத்தில் 2001 பிப்ரவரி 18 அன்று, கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் சுவரில் மோதி, 49 வயதில் இறந்தார். தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் காப்புக் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது அவருடைய மரணத்துக்குப் பிறகுதான்.

ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒரு நாட்டின் மிகப் பிரபலமான மோட்டார் பந்தயத்தில் ஏழு முறை சாம்பியன் ஆகிறார். கோவில்பட்டியிலும் ஆலை இருந்தது, ஆலைத் தெரு இருந்தது, இரவு ஷிப்ட் இருந்தது. இங்கே ஏன் ஓர் எர்ன்ஹார்ட் தோன்றவில்லை? திறமையைக் காரணமாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக நெடுஞ்சாலையில் போகும் கரிசல் ஓட்டுநர்களின் கைவண்ணத்தைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

விடை ஸ்டாக் கார் பந்தயம் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அது நீங்கிய பின்னும் வரி கட்டாத சாராயம் மலைக்காடுகளில் காய்ச்சப்பட்டது. போலீஸுக்குச் சிக்காமல் மலைப்பாதையில் அதைக் கடத்த, குடியானவர் வீட்டுப் பையன்கள் சாதாரண ஃபோர்டு கார்களையே முடுக்கிவிட்டு ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மேய்ச்சல் நிலத்தில் வட்டம் போட்டு, யார் கார் வேகம் என்று பார்த்தார்கள். 1947 டிசம்பரில் டேட்டோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் இதற்கெல்லாம் ஒரு சட்டதிட்டம் பேசப்பட்டது. 1948 பிப்ரவரியில் நாஸ்கார் முறைப்படி பதிவானது. கடையில் வாங்கிய கார் எப்படியோ அப்படியே ஓட வேண்டும் என்ற விதியோடு முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று ஷார்லட் நகரில் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. சோதித்துப் பார்த்ததில் அவர் காரின் பின் ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தன. சாராயம் ஏற்றும் கார்களுக்குச் செய்யும் அதே வேலை. வெற்றி பறிபோய், கான்சாஸிலிருந்து லிங்கன் காரோடு வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது.

ஆக, அந்தப் பந்தயம் பிறக்க முதல் தேவை, ஏழை வீட்டு வாசலிலும் பழைய கார் ஒன்று நிற்பது. 1949-ல் கரிசலில் கார் என்பது ஜமீன் வீட்டிலும் ஆலை முதலாளி வீட்டிலும் நிற்கும் பொருள். அதன் பின்னும் பல பத்தாண்டுகள் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் இந்தியாவில் கார் வாங்க முடிந்தது. நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் எட்டத் தொடங்கியது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு. எங்கள் வாசலில் நின்றவை மாடும் வண்டியும்தான்.

அவற்றை வைத்து இந்த மண் என்ன செய்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். பருத்திப் பொதி ஏற்றிய வண்டி, எள்ளும் கம்பும் ஏற்றிய வண்டி, கோயில் கொடை நாளில் சுமையிறக்கிப் பந்தயத்துக்கு நின்றது. மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தோடு சக்கரமாக அப்பிக்கொள்ளும். அதிலிருந்து வண்டியை மீட்டு வந்த காளைக்குக் கோடையில் இறுகிய தடத்தில் ஓடுவது விளையாட்டு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் வந்தன. எல்கை போட்டு, போகவர இத்தனை மைல் என்று பேசி, தார் ரோட்டில் ஓட்டினார்கள். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாப் பந்தயத்துக்கு இன்றும் எங்கெங்கிருந்தோ லாரியில் மாடுகள் வந்து இறங்குகின்றன. சாரதியின் பெயரும் மாட்டின் பெயரும் ஊர் ஊராகத் தெரிந்திருக்கும். பந்தய வண்டி இன்று ஒருநாளும் சுமை ஏற்றாது. எடை குறைத்து, ஓடுவதற்கென்றே செய்த வண்டி அது. அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. இன்றைய நாஸ்கார் வண்டி எந்தக் கடையிலும் விற்பதில்லை. குழாய்ச் சட்டத்தின் மேல் ஒரு கடைக் காரின் சாயலைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உழைக்கும் வண்டி மெல்ல மெல்லப் பந்தய வண்டியாக மாறியதில் இரு பருத்தி நிலங்களும் ஒரே பாதையில்தான் நடந்திருக்கின்றன.

இனி லட்சுமி மில்லுக்கு வருவோம். கோவில்பட்டியில் லட்சுமி மில் என்றால் சிறுபிள்ளையும் வழி சொல்லும். அதன் தாய் ஆலை கோயம்புத்தூரில். ஜி. குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய நிறுவனம். அதன் கிளை கோவில்பட்டிக்கு வந்ததற்குக் காரணம், பஞ்சு இங்கே விளைந்தது என்பதுதான். குப்புசாமி நாயுடுவின் மகன் ஜி.கே. சுந்தரம் காந்தியவாதி. சுந்தரத்தின் மகன் கரிவரதன்.

சுந்தரம் கரிவரதன் 1954-ல் பிறந்தார். நூலைவிட எஞ்சின் மேல் அவருக்கு ஈர்ப்பு. அன்று இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில், 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் அவை. ஓட்டியவர்கள் மகாராஜாக்களும் தொழிலதிபர்களும். வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் இறக்குமதி செய்ய முடிந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் தடம். கரிவரதனும் அந்த வட்டத்திலிருந்து வந்தவர்தான், இறக்குமதி செய்த கார் ஓட்டியவர்தான். ஆனால் அந்த வட்டத்தின் வேலியைப் பிரித்துப் போட நினைத்த முதல் ஆள் அவர்.

1980-களின் பிற்பகுதியில் அவர் செய்தது இது. ஊரெல்லாம் ஓடத் தொடங்கியிருந்த மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்தார். அதைச் சுற்றி ஒற்றை இருக்கை கொண்ட பந்தயக் காரை உள்ளூரிலேயே வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கக்கூடிய எஞ்சின், எளிதில் கிடைக்கும் உதிரிபாகம். காசு யாரிடம் அதிகம் என்ற போட்டி போய், கை யாருக்கு ஓடுகிறது என்ற போட்டி வந்தது. வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து பந்தயத்தைத் தொடங்குவது என்ற கரோலினாக்காரர்களின் வழியை, நாற்பது ஆண்டு கழித்து, இந்தியாவில் கண்டெடுத்தவர் கரிவரதன் என்றே நான் கருதுகிறேன். இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் எந்த வெற்றிக் கோப்பையையும்விட அந்தச் சின்ன எஞ்சின் வண்டி முக்கியமானது. 1995-ல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது நாற்பதைச் சுற்றித்தான். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

அவர் உண்டாக்கிய வண்டியில் முதல் பந்தயம் ஓட்டிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 1977 ஜனவரி 14-ல் பிறந்தவர், கோவைக்காரர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ரேலி ஓட்டுநர், தென்னிந்திய ரேலியைப் பலமுறை வென்றவர். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிதாக வந்திருந்த தடத்தில், ஃபார்முலா மாருதியில், முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறினார். 1992-ல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளி. 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம். ஐரோப்பாவில் மோட்டார் பந்தயப் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார். 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3-இல் மூன்று ஆண்டுகள், ஜப்பான், ஐரோப்பா என்று அலைச்சல். 2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனைக்கு ஓட்டி, ஃபார்முலா ஒன் காரில் அமர்ந்த முதல் இந்தியர் ஆனார். அமர்ந்த பிறகும் பந்தயத்துக்குள் நுழைய மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி பணம் தேடிய காத்திருப்பு.

2005 மார்ச் 6, மெல்போர்ன். ஜோர்டன் அணியின் மஞ்சள் காரில் 12-ஆவதாகப் புறப்பட்டு 15-ஆவதாக முடித்தார். அந்த ஆண்டின் 19 பந்தயங்களிலும் ஓட்டினார். கார் மெதுவான கார், அதை யாரும் மறுக்கவில்லை. ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில், ஓவல் தடத்தின் சரிந்த வளைவு மிஷலின் டயர்களைக் கிழித்துவிடும் என்று தெரிந்ததால், 14 கார்கள் தொடக்கச் சுற்றோடு ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்றில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர். ஆறு பேரில் நான்காவது வந்ததற்கா இத்தனை பேச்சு என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். மைதானமே கொதித்துப்போய், பார்வையாளர்கள் தடத்தில் பாட்டில் வீசிய நாளில், கடைசிச் சுற்றுவரை வண்டியைத் தவறின்றிக் கொண்டுபோனவரின் உழைப்பை அந்தக் கேள்வி பார்ப்பதில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகள் வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநர். 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாய் தடத்தில் ஏ1 கிராண்ட் பிரிக்ஸ் தொடரில் இந்திய அணிக்கு முதல் வெற்றி. 2010-ல் பத்மஸ்ரீ. அதே ஆண்டுதான் நாம் தேடி வந்த ஆண்டு.

2010 மார்ச் 27, வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில். இதுவும் ஆலை ஊர்தான், பனியன் தைப்பதற்கும் மரச்சாமானுக்கும் பேர்போனது. நாஸ்கார் தொடங்கிய நாளிலிருந்து அதோடு இருக்கும் தடம். சுற்றளவு அரை மைலுக்குச் சற்று அதிகம். இரண்டு நீண்ட நேர்கோடு, இரண்டு குறுகிய வளைவு. வளைவில் கான்கிரீட், நேர்கோட்டில் தார். 250 சுற்று. நாஸ்காரின் டிரக் பிரிவில் வைலர் ரேசிங் அணிக்காக 60-ஆம் எண் வண்டியில் நரேன் இறங்கினார். நாஸ்காரின் தேசியத் தொடரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்.

ஃபார்முலா ஒன் காரிலிருந்து வருகிறவருக்கு அந்த வண்டி வேறு உலகம். 2005-ன் கார் ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோ. இது ஒன்றரை டன், மேலே பிக்-அப் வண்டியின் கூடு. அங்கே வண்டியின் மேல் ஓடும் காற்றே அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். இந்தக் குட்டை வட்டத்தில் அந்த வேகம் வராது, டயரின் பிடிப்பையும் பிரேக்கையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும். வளைவுக்குள் போகும்போது பிரேக்கைச் சூடேற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியே வரும்போது பின் டயர் வழுக்காமல் மிதிக்க வேண்டும், இதை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, எப்போதும் இடப்பக்கமே திரும்பி. கழுத்துக் காப்பு மாட்டியிருப்பதால் பக்கத்தில் வருகிறவனைத் திரும்பிப் பார்க்க முடியாது. மாடத்தின் உச்சியில் நிற்கும் ஆள் வானொலியில் 'உள்ளே ஒருவன், வெளியே ஒருவன்' என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் குரலை நம்பித்தான் ஓட்ட வேண்டும். ஃபார்முலா ஒன்றில் சக்கரத்தோடு சக்கரம் உரசினால் பந்தயம் முடிந்தது. இங்கே பின்னால் வருகிறவன் முட்டுவான், முட்டினால் நீயும் முட்ட வேண்டும். நெருக்கமான தடத்தில் வண்டியோடு வண்டி உரச ஓட்டிய எந்தச் சாரதிக்கும் இது புரியும்.

நரேன் 13-ஆவதாக முடித்தார். வாழ்நாளில் அதுவரை அப்படி ஒரு வண்டியில் பந்தயம் ஓட்டாதவருக்கு, சிறுவயதிலிருந்தே ஓவலில் வளர்ந்தவர்களின் நடுவே, அது பெரிய காரியம். அந்த ஆண்டு முடிவில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருது, டிரக் பிரிவில், நரேன் கார்த்திகேயனுக்குக் கிடைத்தது. கன்னாபொலிஸ் பக்கத்து ஓட்டுநர்கள் ஆண்ட விளையாட்டில், கோவைப் பையனுக்கு.

அதன் பிறகு ஹிஸ்பானியா அணியோடு மீண்டும் ஃபார்முலா ஒன். 2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸில் 17-ஆவது இடம். 2012 முடிவில் அந்த அணியே மூடப்பட்டது. பிறகு ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா. 2019 நவம்பர் 24 அன்று ஃபுஜி தடத்தில், ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில், ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் முதலாவதாக வந்தார். அப்போது அவர் வயது 42.

கரிசலுக்கும் இவருக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. இருப்பதாகச் சொன்னால் அது பொய். ஆனால் இவர் முதலில் ஏறிய வண்டியைச் செய்தவரின் குடும்பம் நூற்ற பஞ்சில் ஒரு பங்கு நம் காட்டில் வெடித்தது. வானம் பார்த்து விதைத்து, விரல் நகம் கிழியப் பருத்தி எடுத்த பெண்களின் கூலிக் கணக்கு எந்தப் பந்தய வரலாற்றிலும் எழுதப்படவில்லை. அதனால்தான் இந்தத் தொடரில் எழுதுகிறேன். அங்கே பஞ்சு ஆலைத் தொழிலாளியே ஸ்டியரிங்கைப் பிடித்தார், இங்கே அது முதலாளி வீட்டோடு நின்று, கரிவரதன் கைக்கு வந்த பிறகே வெளியே வந்தது. அவர் இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால் அந்த வண்டி கோவில்பட்டிவரை வந்திருக்குமா என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருகிறது. இன்றும் ஒரு கரிசல் பையன் கார்ட் பந்தயம் பழக வேண்டுமென்றால் கோவைக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். டயர்ச் செலவு மட்டுமே அவன் வீட்டு ஆண்டு வருமானத்தைத் தின்றுவிடும்.

கோவில்பட்டி ஆலைத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறொரு விளையாட்டு கிடைத்தது. அதற்கு எஞ்சின் வேண்டாம், ஒரு மட்டையும் பந்தும் பொட்டல் காடும் போதும். அந்தப் பொட்டலில் தொடங்கிய வழியில்தான் கோவில்பட்டி மாரீஸ்வரன் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஹாக்கி அணியில் ஆடினார். இங்கே ஹாக்கி எப்படி வேர்விட்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)